கூட்ஸ் வண்டிக்கு இறங்கிய கை

போன மாதம் திருநின்றவூருக்குப் பக்கத்தில், மனைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு மைதானத்தில், பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களின் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். வேகமாக வீசும் பையன் இத்தனை ஓவர்தான் வீசலாம், இத்தனை பேர் கட்டாயம் பந்து வீச வேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள். அம்பயராக நின்ற இளைஞர் அடிக்கடி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டார். இடைவேளையில் என்னிடம் வந்து, "உங்க காலத்துல இவ்ளோ ரூல் இருந்திருக்காது, நிம்மதியா நின்னிருப்பீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காலையில் ஒரு சட்டத்துக்கும் மாலையில் இன்னொரு சட்டத்துக்கும் அம்பயராக நின்று, வீட்டுக்கு வந்து படுத்தால் மனைவி கேட்ட கேள்விக்குக்கூட 'நாட் அவுட்' என்று பதில் சொன்னவன் நான். அதைச் சொன்னதும், புதிதாகச் சேரும் அம்பயர்களுக்காக எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார். எழுத உட்கார்ந்ததுமே ஆடுகளத்தின் மேல் விரிக்கும் தேங்காய்நார் விரிப்பின் வாசனையும், பழைய தோல் பந்தின் வாசனையும், தண்டவாளத்து வெயிலும் ஒன்றாக வந்து நிற்கின்றன. எழுபத்தொன்பது வயதில் ஒருவனுக்கு இவ்வளவு படபடப்பு ஆகாது. ஆனாலும் வருகிறது. நல்லதை மட்டும் எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளுக்கு 'டிரில் சார்'. வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, வீட்டில் எல்லோரும் பாங்கு வேலைக்கு எழுது என்று சொல்லிக்கொண்டிருக்க, பிடிவாதமாக உடற்பயிற்சிப் படிப்பில் சேர்ந்தேன். வேலைக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். வந்த முதல் வருடமே, ஆங்கிலத்தில் சட்டப் புத்தகம் படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என் தலையில் வெள்ளைத் தொப்பியை வைத்து அம்பயராக்கிவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் இருந்த கிரிக்கெட் ஒன்று, எங்கள் பக்கம் ஆடிய கிரிக்கெட் பத்து. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் கார்க் பந்து ஆட்டம். தெருவில் டென்னிஸ் பந்து ஆட்டம். பள்ளிகளுக்கிடையே ஜூனியர் ஆட்டம் என்றால் விரிப்பைக் கொஞ்சம் மடித்து ஆடுகளத்தையே குட்டையாக்குவோம். முப்பது ஓட்டம் எடுத்த பையன் மட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஒருவன் ஆறு ஓவருக்கு மேல் பந்து வீசக் கூடாது. எல்.பி.டபிள்யூ. கிடையவே கிடையாது. காரணம், பேட் செய்யும் பள்ளியின் ஆசிரியரேதான் அம்பயர். தன் பள்ளிப் பையனின் காலில் பட்டதற்கு அவன் ஆசிரியர் விரலைத் தூக்கிய வரலாறு இந்தப் பக்கம் எழுதப்பட்டதில்லை. தொழிற்சாலை அணிகளின் லீக் ஆட்டமோ முழுக்க வேறு. எல்.பி.டபிள்யூ. உண்டு, ஓவர் கணக்கு கிடையாது, ஒருவனே நாளெல்லாம் வீசலாம்.

போதாததற்கு ஒவ்வொரு மைதானத்துக்கும் சொந்தச் சட்டம். எல்லைக்குள் பனைமரம் நின்றால் அடிமரத்தில் பட்டது நான்கு ஓட்டம், பனையோலை மட்டையில் பட்டு விழுவதைப் பிடித்தால் அவுட் இல்லை. திருவாலங்காட்டில் அறுவடையான வயலில் ஒரு ஜூனியர் ஆட்டம். பந்து பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்து மறைந்துவிட்டது. பீல்டர் 'லாஸ்ட் பால்' என்று அறிவித்தால் ஆறு ஓட்டத்தோடு கணக்கு முடியும் என்பது புத்தகச் சட்டம். அந்தப் பையனுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியாது. "காணோம் சார், காணோம்" என்று கத்திக்கொண்டே செடிகளை விலக்குகிறான். பேட் செய்தவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். 'காணோம்' என்பது சட்டப்படி அறிவிப்பா இல்லையா என்று இரண்டு பள்ளி ஆசிரியர்களும் விரிப்பின் நடுவில் நின்று வாதாடி முடிப்பதற்குள் பதினோரு ஓட்டம் ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் எப்படியாவது முடிவு செய்துகொள்ளுங்கள் என்று இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்ந்து அதே கொல்லையின் வேர்க்கடலையைத் தின்றது.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஒழுங்கு கொண்டுவந்தவர் சாரி சார். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். வாரநாளில் தாலுகா அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோயில் வேலையை முடித்துக்கொண்டு, திருமண் அழியாத நெற்றியோடு, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் மைதானத்துக்கு வந்துவிடுவார். மாவட்டத்து அம்பயர்களுக்கு அவர்தான் தலைவர். லீக் ஆட்டத்துக்கு யார் நிற்பது, யாரை மாநில அம்பயர் குழுவுக்குப் பரிந்துரைப்பது எல்லாம் அவர் கையில். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் விரிப்பு போடச் செய்வதைப் பார்ப்பதே ஒரு பாடம். ஈரத்தரையை உருளை ஓட்டி இறுக்கிய பிறகு விரிப்பைப் பிரித்து, இரண்டு முனையிலும் ஆட்களை நிறுத்தி, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுக்கச் சொல்வார். இழுத்த நிலையிலேயே ஓரங்களில் ஆணி அடிக்க வேண்டும். பிறகு பந்து குத்தும் இடத்தில் குனிந்து, இரண்டு விரலால் விரிப்பைக் கிள்ளிப் பார்ப்பார். ஒரு மடிப்பு எழுந்தாலும் எல்லா ஆணியையும் பிடுங்கச் சொல்வார். தொய்ந்த விரிப்பில் பந்து கண்டபடி திரும்பும், இறுகிய விரிப்பில் எகிறும். உள்ளூர் அணிகள் தங்கள் பந்து வீச்சாளருக்கு ஏற்றபடி ஆணியைத் தளர்த்துவது உண்டு. கடைசியாகப் பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே விட்டு, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். "இன்னும் தூங்கறது ஓய், எழுப்புங்கோ" என்பார். மறுபடி இழுப்பார்கள். ஆடுபவர்கள் உள்ளூர அவரைத் திட்டுவார்கள். ஆனால் அவர் போட்ட விரிப்பைக் குறை சொல்லி ஒரு தோற்ற அணியும் பேசியதில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு, ரசாயனம் என்று தொழிற்சாலைகள் முளைத்தன. ஒவ்வொன்றும் ஒரு அணி வைத்தது. ஸ்டேஷனை ஒட்டியிருந்த பொட்டல்தான் எல்லோருக்கும் மைதானம், எங்கள் பள்ளிக்கும் அதுவே. அந்த மைதானத்துக்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது.

சென்னைப் பக்கத்திலிருந்து வரும் அணிகள் சாயங்காலப் பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். அது நேரத்துக்கு வந்தால் அதிசயம். கடிகாரம் பார்த்து ஆட்டத்தை நிறுத்தினால் சில நாள் வண்டி போயிருக்கும், சில நாள் எல்லோரும் பிளாட்பாரத்தில் தூங்கி வழிய வேண்டும். அதனால், வண்டி வரலாம் என்று காட்டச் சிக்னல் கம்பத்தின் இரும்புக் கை இறங்கினால் அப்போது நடக்கும் ஓவர்தான் கடைசி ஓவர் என்று வைத்தார்கள். கை இறங்கி வண்டி வருவதற்குள் ஓவரை முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடிவிடலாம். பந்து வீசும் முனையில் நிற்கும் அம்பயர் பந்து வீசுபவனின் காலைப் பார்க்க வேண்டும் என்பதால், சிக்னலைப் பார்ப்பது பக்கவாட்டில் ஸ்கொயர் லெக்கில் நிற்கும் அம்பயரின் பொறுப்பு. கை இறங்கியதைப் பார்த்ததும் அவர் தன் கையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் உயர்த்தியதுதான்.

ஆனால் அந்தக் கம்பத்தில் இரண்டு கைகள் இருந்தன. உயரத்தில் இருந்த பெரிய கை, பிளாட்பாரத்துக்கு வரும் வண்டிக்கு. சற்றுத் தாழ்வாக இருந்த சின்ன கை, பக்கத்துத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தும் கூட்ஸ் வண்டிக்கு. பாசஞ்சர் தாமதமாகும் நாளில் முதலில் கூட்ஸை ஒதுக்குவார்கள், சின்ன கைதான் இறங்கும். என் அண்ணன் ரயில்வேக்காரர் என்பதால் எனக்கு இது மனப்பாடம். பள்ளி ஆட்டங்களில் சின்ன கை இறங்கியதைப் பார்த்துப் பையன்கள் விரிப்பைச் சுருட்டப் போனால், "அது கூட்ஸுக்குடா. பெரிய கைதான் நமக்கு, ஆடுங்க" என்று நானே விரட்டுவேன். எழுத்தில் இருந்த சட்டத்தில் மட்டும் 'சிக்னல் கை' என்றிருந்ததே தவிர எந்தக் கை என்று இல்லை. அதுவரை அதை யாரும் கேட்டதும் இல்லை.

தேவசகாயம் அந்தப் பள்ளியில் என்னிடம் ஆடியவன். சகாயம் என்று கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், சர்ச் பக்கத்தில் வீடு. இடது கை. பந்து வீசச் சின்ன ஓட்டம்தான் ஓடி வருவான். ஆனால் பந்து விரிப்பில் குத்தியதும் பாம்பு மாதிரி உள்ளே வரும். ஆறு ஓவர் முடிந்ததும் சட்டப்படி பந்தை வாங்கிவிடுவேன். இன்னும் ஒன்றே ஒன்று என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கெஞ்சுவான். பெரியவனானால் நாளெல்லாம் போடலாம், இப்போது கொடு என்பேன். பதினொன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுபதுகளின் நடுவில், புதிதாக வந்த ஓர் இரும்பு உருட்டாலையில் காண்டிராக்ட் கூலியாகச் சேர்ந்தான். காலையில் கேட்டில் நிற்க வேண்டும். மேஸ்திரி கூப்பிட்டால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடக்க வேண்டும்.

ஆலையின் கிரிக்கெட் அணிக்கு ஃபோர்மன் நாயுடு கேப்டன். ஆந்திர எல்லையில் வீடு. எல்லோரும் அவருக்கு 'நைனா'. அவர் சகாயத்தைக் கண்டுபிடித்து அணியில் சேர்த்தார். அவ்வளவுதான், லீக்கே தலைகீழாயிற்று. ஓவர் கட்டுப்பாடு இல்லாத ஆட்டத்தில் சகாயத்தை ஒரு முனையில் விட்டால் சாயங்காலம்வரை அவன்தான். அந்த வருடத்து ஆட்டங்களை நினைத்தால் இப்போதும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பார்த்தார்கள். ஆலை கடைசி ஆட்டம்வரை வந்தது. அதில் ஜெயித்தால் ஷீல்டு. சகாயத்துக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஷீல்டு வந்தால் அவனை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஆலையின் பர்சனல் ஆபீசர் டீக்கடை முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்.

எதிரணி சென்னைப் பக்கத்து ஒரு கம்பெனி. அவர்களுக்கு டிரா போதும், ஷீல்டு அவர்களிடம் போய்விடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும், நேரம் முடிவதற்குள் பத்து விக்கெட்டும் விழவில்லை என்றால் டிராதான்.

அம்பயர்கள் சாரி சாரும் நானும். காலையில் விரிப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது எதிரணிக் கேப்டன் தன் ஆட்களிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னான்.

"அம்பயரு வாத்தியாரு. பவுலரு அவரு வளத்த புள்ள. இன்னிக்கு கால்ல பட்டாலே கை தூக்கிடுவாரு, பாத்து ஆடுங்கப்பா."

நான் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளே தைத்துவிட்டது. சற்று நேரத்தில் சாரி சார் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "மாநிலக் குழுவிலேந்து ஒருத்தர் இன்னிக்கு பாக்க வர்றார் ஓய். உம்ம பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நியாயமானவன் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி அந்த நிமிடத்தில் பிடித்தது. நியாயமாக நடந்துகொள்வது வேறு, அப்படி நடந்துகொள்வதைப் பிறர் பார்க்க வேண்டும் என்று தவிப்பது வேறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆலை முதலில் ஆடி நூற்று நாற்பத்துச் சொச்சம் எடுத்தது. எதிரணி ஆடியபோது சகாயம் என் முனையிலிருந்துதான் வீசினான். மறுமுனையில் நாயுடு மெதுவான பந்தை வீசி அடக்கிவைத்தார். சகாயத்தின் பந்து பேட்டைத் தாண்டிப் பறந்தது, கையுறையில் பட்டுப் பறந்தது, ஸ்டம்பைப் பிடுங்கியது. இரண்டு முறை எல்.பி.டபிள்யூ. கேட்டான். ஒன்று வெளியே போகிற பந்து. இன்னொன்று நேராக நடு ஸ்டம்புக்கு முன்னால் பூட்ஸில் அடித்த பந்து. நான் கையைத் தூக்கவில்லை. அவன் பந்தை வாங்கிக்கொண்டு நடந்தான். எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாநிலக் குழுக்காரரை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். இதை எழுதவே கூசுகிறது.

இருந்தும் ஒன்பது விக்கெட் விழுந்துவிட்டது. கடைசி ஆளாக வந்தவர் அவர்கள் கணக்குப் பிரிவுக்காரர், தடிமனான கண்ணாடி. பேடைக் கால் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து, பாதி வழியில் உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டினார். "மெதுவா வா நைனா, ஊருக்கே காத்துகினு கீறோம்" என்றார் நாயுடு. மைதானம் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடிக்காரர் சகாயத்தின் ஓவரில் மிச்சமிருந்த ஒரு பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையால் எப்படியோ தொட்டுவிட்டார். ஓவர் முடிந்தது. அடுத்தது நாயுடுவின் ஓவர், எதிரே நிற்பவன் நன்றாக ஆடுபவன். இந்த ஓவரில் அவன் ஒற்றை ஓட்டம் எடுக்காமல் தடுத்துவிட்டால், அடுத்த ஓவரில் சகாயத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரர் நின்றாக வேண்டும். ஆறு பந்து முழுசாக. இது எல்லோருக்கும் தெரிந்தது. நாயுடு பீல்டர்களையெல்லாம் பேட்ஸ்மேன் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று பந்து போயிற்று, ஓட்டம் இல்லை. சகாயம் மிட்-ஆஃபில் நின்று உள்ளங்கையை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஸ்கொயர் லெக்கில் நின்றேன். நான்காவது பந்துக்கு நாயுடு ஓடி வரும்போது கம்பத்தில் கை இறங்கியது. சின்ன கை.

பந்தைப் பேட்ஸ்மேன் தடுத்தான். அதற்குள் எதிரணியின் கூடாரத்தில் ஒருவன் பார்த்துவிட்டான். "சிக்னல், சிக்னல்" என்று எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்களுக்குக் கையில் பெரிசு சின்னது தெரியாது. சாரி சார் தன் முனையிலிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. திருவள்ளூர்க்காரர், அவர் போய்வருவது வேறு ரயில் லைன். பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். மாநிலக் குழுக்காரர் என்னைப் பார்க்கிறார், எதிரணிக் கேப்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். நான் தலையை ஆட்டி மறுத்தால், தன் பையனுக்கு இன்னொரு ஓவர் வாங்கிக்கொடுத்தான் வாத்தியார் என்பார்கள்.

நான் கையை உயர்த்தினேன்.

மிச்ச இரண்டு பந்தையும் பேட்ஸ்மேன் சிரித்துக்கொண்டே தடுத்தான். எதிரணி மைதானத்துக்குள் ஓடி வந்தது. கண்ணாடிக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில், மெள்ள, கடகடவென்று கூட்ஸ் வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் ஒதுங்கியது. பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. பெரிய கை இறங்கவே இல்லை.

நாயுடு தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு சாரி சாரிடம் போனார். "இன்னா சார் இது, கூட்ஸுக்கா ஆட்டத்த நிறுத்துவீங்கோ? வெளிச்சம் இருக்குது, வண்டி வரல." சாரி சார் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"சட்டத்துல எந்தக் கைன்னு போட்டிருக்கா ஓய்?"

"சிக்னல் கைன்னு மட்டும்தான் சார்."

அப்போதுதான் சகாயம் வந்தான். பந்து அவன் கையில் இருந்தது. அடுத்த ஓவருக்காக வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். சாரி சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"ஸ்கூல்ல நீங்கதான சார் சொன்னீங்க, சின்ன கை கூட்ஸுக்கு, பெரிய கைதான் நமக்குன்னு. எத்தினி தபா எங்கள ஆட சொல்லிக்கிறீங்க."

சாரி சார் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லியிருப்பார்.

"அது ஜூனியர் மேட்ச்" என்றேன். "இது லீக். ரூல் வேற."

நான் சொன்னதில் வார்த்தைக்கு வார்த்தை பொய் கிடையாது. ஜூனியர் ஆட்டத்துக்கும் லீக்குக்கும் நூறு வித்தியாசம் உண்டு என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே இல்லை. அந்த நூற்றுக்குள் இல்லாத ஒன்றை நூற்றியொன்றாகச் சேர்த்துவிட்டேன். சாரி சார் சற்று யோசித்தார். பிறகு குனிந்து ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸ் இரண்டையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்தது.

பாசஞ்சர் அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை. எதிரணி பிளாட்பாரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். ஆலைக்காரர்கள் ஆணிகளைப் பிடுங்கி விரிப்பைச் சுருட்டினார்கள். இன்னும் ஒரு ஓவர் என்ன, ஐந்தாறு ஓவர்கூட வீசியிருக்கலாம். மாநிலக் குழுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, சொந்த மாணவன் என்று பார்க்காத அம்பயரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த மாதமே என்னை மாநிலக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மைதானங்கள், புல் ஆடுகளங்கள், உண்மையான பெவிலியன். அந்த ஆட்டங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத எனக்கு ஆசைதான், எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் அந்த வாசலுக்குள் நான் எப்படி நுழைந்தேன் என்பதை இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன். லீக்கையும் சாரி சார் மாற்றினார். இனி ரயிலை நம்பி ஆட்டம் இல்லை, அணிக்கு முப்பது ஓவர், ஒரு பந்து வீச்சாளருக்கு ஆறு ஓவர் என்று அறிவித்தார். புது முறையில் ஆட்டம் பறந்தது, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆலையில், ஷீல்டு வரவில்லையே என்று பர்சனல் ஆபீசர் கையை விரித்துவிட்டார். கொஞ்ச நாளில் காண்டிராக்டர் மாறினார். புது மேஸ்திரி கேட்டில் சகாயத்தைக் கூப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து, பள்ளி ஆட்டம் ஒன்றுக்கு அதே பொட்டலில் நின்றுகொண்டிருந்தேன். சின்ன கை இறங்கியது. பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கூட்ஸுடா, ஆடுங்க." சொன்ன பிறகுதான் எல்லைக்கோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சகாயம் நிற்பதைப் பார்த்தேன். வெல்டிங் கடை ஒன்றில் உதவியாளாக இருந்தான், கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. ஆட்டம் முடியும்வரை நின்றான். நான் கிட்டே போனதும் வணக்கம் சொன்னான்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவன், வேறொன்றைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் சகாயம். அன்னிக்கு கை தூக்கும்போதே அது கூட்ஸுன்னு தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "அந்த ஓவர நான் எத்தினியோ தபா போட்டுப் பாத்துக்கினேன். ஊட்ல படுத்துகினு. ஒரு தபா கண்ணாடி அவுட்டு. ஒரு தபா நிக்கிறாரு. அது கூட பேஜாரு இல்ல சார், அது ஆட்டம்." மணியிலிருந்து விரலை எடுத்தான். "ஜூனியர் மேட்ச்னு சொன்னீங்களே. அப்போ ஸ்கூல்ல நீங்க சொல்லிக் குட்த்ததெல்லாம் சின்ன பசங்களுக்கு மட்டும்தானா சார்?"

அவன் கடைக்குப் போகணும் என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினான்.

அந்த வாரமே திருவள்ளூர் போய் சாரி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஈர வேட்டியோடு நின்றபடியே கேட்டார்.

"அந்த ஓவர்ல விக்கெட் விழுந்திருக்குமா?" என்றார்.

"தெரியாது சார்."

"தெரியவும் வேண்டாம். அது பந்து போடறவன், ஆடறவன் அவா ரெண்டு பேரோட வேலை. ஓவரைப் போட விடறது மட்டும்தான் உம்ம வேலை."

அதற்கு மேல் திட்டவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, வாரும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். இருவரும் ஆலைக்குப் போனோம். தீர்ப்பு தவறானது, சட்டப்படி இனி மாற்ற முடியாது, ஆனால் அந்தப் பையனுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் நினைத்துப் பார்க்கலாம் என்று சாரி சார் பர்சனல் ஆபீசரிடம் பொறுமையாகச் சொன்னார். ஆபீசர் எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். எந்தப் பையன் என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். நினைவுக்குக் கொண்டுவர முயன்றார், வரவில்லை. இப்போது ஆட்களே எடுப்பதில்லை என்றார்.

திரும்பும்போது ரயிலில் சாரி சார், இரண்டு சீசனுக்கு எனக்கு லீக்கும் இல்லை, மாநிலமும் இல்லை, ஜூனியர் ஆட்டங்களுக்கு மட்டும் நில்லும் என்றார். நின்றேன். அதற்குப் பிறகு மறுபடி எல்லா இடத்திலும் நின்றேன், நிறைய ஆட்டம் பார்த்தேன், பெயரும் வாங்கினேன், மாலை போட்டு என்னை ஓய்வுக்கு அனுப்பினார்கள். சகாயத்துக்கு அந்த ஆலையில் வேலை கிடைக்கவில்லை.